நாலாவது தூணின் அடிப்பக்கம்

மெஹிகோ, சான் எஸ்தேவான் பேட்டை
1563 பிப்ரவரி 9

மச்சான் தியேகோ தோச்சுக்கு,

நலம் விசாரித்துத்தான் ஆரம்பிக்க வேண்டும் என்று உன் தங்கை ஷோகோ பக்கத்தில் நின்று சொல்கிறாள். பதினோரு வருஷமாக விசாரிக்காத நலத்தை இன்றைக்கு விசாரித்தால் நீ சிரிப்பாய். நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

நம் தேவாலயத்து முன்மண்டபத்தில் நீயும் நானும் நிறுத்திய நாலு தூண்களில் மூன்று சேற்றில் இறங்கிவிட்டன. முதலாவது ஒரு சாண். மற்ற இரண்டும் அதில் பாதி. கூரை உத்திரம் வாய் பிளந்து நிற்கிறது. நாலாவது மட்டும் ஒரு விரற்கடை கூட இறங்கவில்லை. இதைக் கேட்டு நீ மீசையை முறுக்கிக்கொள்வாய் என்று தெரியும். கொஞ்சம் பொறு.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஃபாபியான் என்று ஒரு பாதிரியார் வந்திருக்கிறார். பழையவருக்கு ஜனங்கள் சுருதி பிசகாமல் பாடினால் போதும். இவர் கொத்தனார் வீட்டுப் பிள்ளை. கோடு போட்ட குச்சியை வைத்துக்கொண்டு தூண் தூணாக அளக்கிறார். போன வாரம் நாலாவது தூணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது ஒண்ணு மட்டும் ஏன்டா நிக்குது? இதுக்கு அடியில அப்படி என்ன போட்டீங்க? கல்லைப் புரட்டிப் பாத்துருவோம். அதையே மத்த மூணுக்கும் செஞ்சிருவோம்" என்றார். மார்ச் முதல் தேதி, திங்கட்கிழமை, முட்டுக் கொடுத்துத் தூணைக் கழற்றிப் பீடக்கல்லைப் புரட்டப் போகிறோம். மேஸ்திரி நான்தான்.

மடத்துப் பெட்டியில் ஒரு தாள் இருக்கிறது. "இடித்த பழைய சாமி கோயிலிலிருந்து எடுத்துவந்த நாலு கல்லுக்கும் அடிப்பக்கத்தில் இருந்த உருவங்கள் முழுக்கச் செதுக்கி எடுக்கப்பட்டன" என்று எழுதி, கீழே கஸ்பார் யாவோத் என்று நான் கையெழுத்துப் போட்ட தாள். மூன்று கல்லை என் கண்ணால் பார்த்தேன். நாலாவது, உன் அப்பா செதுக்கிய கல். நான் சூளையிலிருந்து சுண்ணாம்போடு வந்தபோது அதைக் கவிழ்த்து உட்கார வைத்திருந்தாய். "முடிச்சாச்சு மாப்ளே" என்றாய். நம்பிக் கையெழுத்துப் போட்டேன். ஆறாம் நாள், என் மூத்தவள் ஞானஸ்நான விருந்தில், சமையல்கட்டுக்குப் பின்னால் என்னை இழுத்துக்கொண்டு போய், "பூமித்தாய் முகத்தை அப்படியே விட்டுட்டேன். கையெழுத்துப் போட்டது நீதான், பாத்துக்கோ" என்றாய்.

அதற்கு நான் சொன்னதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கள் கிண்ணத்தை வீசினேன். அது சுவரில்தான் பட்டது. நீ ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் மலை தாண்டிப் போய்விட்டாய்.

போன வருஷம் பக்கத்துப் பேட்டையில் ஒருவன் வீட்டுச் சுவருக்குள் கைப்பிடி அளவு பழைய சாமி மண் பொம்மை ஒன்று அகப்பட்டது. நூறு கசையடி, தலையை மழித்து ஊர்வலம், வீடும் போயிற்று. இது கைப்பிடி பொம்மை இல்லை. ஒரு ஆள் கைகாலை விரித்துப் படுக்கும் அளவு. எனக்கு மூன்று பெண்கள்.

ஒன்றே ஒன்றைச் சொல். கொஞ்சமாவது செதுக்கினாயா? பல் மட்டும் மிச்சம் என்றால் பழைய தழும்பு என்று சாதித்துவிடுவேன். பஞ்சு வியாபாரி மெல்ச்சோர் உன் பதிலுக்காகக் காத்திருப்பான். இதைப் படித்ததும் அடுப்பில் போடு.

கஸ்பார் யாவோத்


குவாநாவாக்
1563 பிப்ரவரி 14

மாப்பிள்ளை அவர்களுக்கு,

அடுப்பில் போடவில்லை. பதினோரு வருஷம் கழித்து வந்த கடிதத்தை எரிக்க எனக்கு மனசில்லை. நீ மேஸ்திரி, உனக்கு எதையும் எரிக்க மனசு வரும்.

போர் நடந்த நாளில் பிறந்தாய் என்று உனக்கு யாவோத் என்று பேர் வைத்தார்கள். முயல் நாளில் பிறந்த எனக்குத் தோச். இரண்டு பேருக்கும் பேரை மாற்றி வைத்துவிட்டார்கள் என்று அந்தக் காலத்திலேயே சொல்வேன். உன் எழுத்தைப் பார்த்தாலே முயல் பதுங்குவது தெரிகிறது.

இங்கே நான் நன்றாக இருக்கிறேன். பெரிய மனிதர் ஒருவர் தோட்டத்துக்கு நீர்த்தொட்டி செதுக்குகிறேன். வெயில் உண்டு, கொய்யா உண்டு, கையெழுத்துக் கேட்பவர் யாரும் இல்லை. என் வீட்டுக்காரி போய் நாலு வருஷம் ஆகிறது. உனக்குச் சேதி வந்தது, எனக்குத் தெரியும். ஷோகோ ஒரு போர்வை அனுப்பினாள். உன்னிடமிருந்து ஒரு வரி வரவில்லை. கூரை சாய்ந்ததும் மச்சான் ஞாபகம் வந்துவிட்டதாக்கும்.

சரி, கல்லுக்கு வருகிறேன். பாதிரிமார் இந்த மண்ணுக்கு வருவதற்கு முன்னால், அந்தக் கல் எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்கு வயசு எட்டோ ஒன்பதோ. சால்கோ பக்கத்திலிருந்து மூன்று ஊர் ஆட்கள் வடம் பிடித்து இழுத்து வந்தார்கள். அப்பா மேலே இறகு மூடிய பாம்பைச் சுருட்டி உட்கார வைத்தார், கோயிலை இடித்தபோது உடைந்துபோனதே, அதே பாம்பு. அரண்மனை ஆள் வந்து பார்த்து, "பிரமாதம், தூக்கிட்டுப் போலாம்" என்றான். அப்பா, "வயிறு பாக்கி இருக்கு" என்று சொல்லிக் கல்லைப் புரட்டச் சொன்னார். அந்த ஆளுக்குக் கோபம். "மண்ணுல பதியப் போற பக்கத்தை எவன்யா பாக்கப் போறான்?" என்று கத்தினான். அப்பா, "பாக்க வேண்டியவ பாப்பா" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்கினார். முதல் மழைக்கு ஆரம்பித்து, சோளம் முற்றும் வரைக்கும் தேய்த்தார். பூமித்தாய் குந்தி உட்கார்ந்து, முட்டியை விரித்து, கை கால் நாலிலும் நகத்தை நீட்டி, கத்தியையே நாக்காகத் தொங்கவிட்டு, விழுங்க வாயைத் திறந்திருப்பாள். பூசி முடித்த சிவப்புச் சாயம் காய்ந்த அன்றைக்கே கவிழ்த்துவிட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை. அந்தப் பழைய கோயில் முற்றத்தில் நின்ற பெரிய கல் ஒவ்வொன்றுக்கும் அடியில் இப்படி ஒரு முகம் உண்டு என்று உனக்கும் தெரியும். அவ்வளவு பாரத்தை அவள் தலையில் வைக்கிறோம். என்ன வைக்கிறோம் என்று அவளுக்குக் காட்ட வேண்டாமா?

நீ கேட்டதற்குப் பதில்: முகம் இருக்கிறது. முழுசாக இருக்கிறது. ஒரு பல் போகவில்லை. அதனால்தான் அந்தத் தூண் நிற்கிறது. மற்ற மூன்றுக்கும் முகத்தை எடுத்தோம், மூன்றையும் அவள் விழுங்க ஆரம்பித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வருகிறது, மாப்பிள்ளை.

ஆனாலும் ஒரு யோசனை. கல்லைப் புரட்ட வேண்டாம் என்று பாதிரியாரிடம் சொல்லிப் பார். பக்கவாட்டில் பள்ளம் தோண்டி, கல்லைத் தாங்கச் சேற்றில் அடித்த மரமுளைகளை மட்டும் எண்ணிப் பார்த்துக்கொள்ளட்டும். அவருக்கு அது போதும்.

தியேகோ தோச்


மெஹிகோ, சான் எஸ்தேவான்
1563 பிப்ரவரி 20

மச்சான்,

உனக்குச் சிரிப்பு வருகிறது. இங்கே எனக்குச் சோறு இறங்கவில்லை.

பள்ளம் தோண்டிப் பார்க்கலாம் என்று சொல்லிப் பார்த்தேன். "எட்டிப் பாத்து என்னடா தெரியும்? பொண்ணு பாக்கப் போயிட்டுக் கதவிடுக்குல பாத்துட்டு வர்றதா?" என்று பாதிரியார் சிரித்தார். முப்பது ஆளுக்கும் வடத்துக்கும் சொல்லியாகிவிட்டது. நானே முந்திப் போய் எதையாவது உடைத்து வைக்கலாம் என்றால் கூரை மொத்தமும் அந்த ஒரு தூணில்தான் நிற்கிறது. ஓடிப்போகலாம் என்றால், மூன்று பெண்களையும் ஒரு அம்மிக்கல்லையும் கட்டிக்கொண்டு எங்கே ஓடுவது? ஷோகோ அம்மிக்கல்லை விட்டுவிட்டு வரமாட்டாள்.

உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். "எங்கண்ணன் வாய்ப்பேச்சை நம்பாத. அவன் சின்ன வயசுலேருந்து அப்படித்தான்" என்கிறாள். நான் எப்படி நம்பாமல் இருப்பது? உன் கையால் எழுதியிருக்கிறாய், ஒரு பல் போகவில்லை என்று.

முடிவு செய்துவிட்டேன். தவக்காலம் வருகிறது, பாவசங்கீர்த்தனம் கேட்கிற காலம். இருபத்தேழாம் தேதி சனிக்கிழமை, காலைப் பூசை முடிந்ததும் நானே பாதிரியாரிடம் போய்ச் சொல்லிவிடப் போகிறேன். கல்லைப் புரட்டிப் பிடிபட்டால் முழுத் தண்டனை, தானாக வந்து சொன்னால் பாதி என்கிறார்கள். உன் பேரைச் சொல்லமாட்டேன். முகத்தை விட்டது நான்தான் என்று சொல்வேன். பெருந்தன்மை என்று நினைத்துவிடாதே. உன் பேரைச் சொன்னால் ஷோகோ ஒரே நாளில் புருஷனையும் அண்ணனையும் இழப்பாள். ஒருவன் போதும்.

எனக்குப் பயமாக இருக்கிறது, மச்சான். கசையடியைவிட, மழித்த தலையோடு நடத்திக்கொண்டு போகும்போது என் பெண்கள் வாசலில் நின்று பார்ப்பார்களே, அதுதான்.

உன் வீட்டுக்காரி விஷயம். சேதி வந்த வாரமே அவளுக்கு ஒரு சிலுவை செதுக்கினேன். கருங்கல், முழ உயரம், சுற்றிலும் பூ. யார் கையில் கொடுத்தனுப்புவது, என்ன எழுதுவது என்று தெரியாமல் கொல்லையில் சாத்தி வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது. கோழிகள் அதன்மேல் ஏறி உட்காருகின்றன. அனுப்பியிருக்க வேண்டும். தப்பு என்னுடையது.

நான் இல்லாமல் போனால் ஷோகோவை வந்து பார்த்துக்கொள். வேறொன்றும் கேட்கவில்லை.

கஸ்பார்


குவாநாவாக்
1563 பிப்ரவரி 24, சாம்பல் புதன்

கஸ்பார்,

வாயைத் திறக்காதே. பாதிரியாரிடம் போகாதே. மெல்ச்சோரை வாசலிலேயே நிற்க வைத்துவிட்டு எழுதுகிறேன். கொண்டுவந்த மூட்டையைக் கூட அவன் இறக்கவில்லை.

அடியில் முகம் இல்லை. நான்தான் செதுக்கி எடுத்தேன். அன்றைக்கே, நீ சூளைக்குப் போயிருந்த அந்த மத்தியானமே எடுத்துவிட்டேன்.

நீ நம்பமாட்டாய். நானே இரண்டு தடவை பொய் சொன்னவன். நடந்ததைச் சொல்கிறேன், கேள். கல்லைப் புரட்டினோம். இத்தனை வருஷம் கழித்து அப்பாவின் கைவேலை வெயிலைப் பார்த்தது. இடுக்குகளில் சிவப்புச் சாயம் கூட மங்காமல் இருந்தது. எடுக்க மாட்டேன், வந்தது வரட்டும் என்றுதான் காலையிலிருந்து ஆட்களிடம் வீரம் பேசிக்கொண்டிருந்தேன். அப்புறம் பழைய பாதிரியாரின் கணக்கப்பிள்ளை வந்து பக்கத்தில் நிழலில் உட்கார்ந்து, ஒரு ஆரஞ்சை உரித்துத் தின்றுகொண்டே பார்த்தான். அதட்டக்கூட இல்லை. என் கை தானாக உளியை எடுத்தது. நான் பயந்தேன், கஸ்பார். உன்னைவிட நூறு பங்கு பயந்தேன். அப்பா கல்லையும் மணலையும் வைத்து ஒரு மழைக்காலம் முழுக்கத் தேய்த்தது இரும்பு உளிக்கு ஒரு மத்தியானம் தாங்கவில்லை. முதலில் நாக்கு. அப்புறம் கண். ஆரஞ்சு தீர்ந்ததும் அவன் எழுந்து போய்விட்டான். அதற்குப் பிறகும் நான் நிறுத்தவில்லை, அதுதான் எனக்கே புரியாதது. கடைசியில் இடது மூலையில் ஒரு கால் நகம், கட்டைவிரல் அளவு, மிச்சம் இருந்தது. அதற்குமேல் கை ஓடவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் குழியில் இறங்கி, இருக்கிற முளைகளுக்கு நடுவே இன்னும் இன்னும் அடித்தேன். எத்தனை என்று எண்ணவில்லை. முகத்தை எடுத்தாயிற்று, இனி அவள் எதற்காக இந்தக் கல்லைத் தாங்க வேண்டும் என்று எனக்கு நடுக்கம். தூண் நிற்கிறதென்றால் அதனால்தான் நிற்கிறது.

ஞானஸ்நான விருந்தில் நீ உள்ளே போயிருந்தபோது வடம் பிடிக்கிற கிழவன் ஒருவன் எல்லார் முன்னாலும், "உங்கப்பன் முகத்தை நீயே வழிச்சுட்டியாமேடா?" என்று கேட்டான். உன்னை இழுத்துக்கொண்டு பின்னால் போனேன். அழத்தான் போனேன். உன் முகத்தைப் பார்த்ததும் வாயில் வேறு வந்துவிட்டது. நீ வெளுத்துப் போனதைப் பார்த்தபோது, ஒரு நிமிஷம், நான் எடுக்காமலே விட்டவன் போல நானே நம்பினேன். அந்த ஒரு நிமிஷத்துக்காகப் பதினோரு வருஷம். போன கடிதத்திலாவது சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், வீட்டை விட்டு வந்ததற்கு ஒரு காரணமும் இல்லாமல் போய்விடும் என்று தோன்றியது. உன் தலை போகும் என்று நிஜமாகவே யோசிக்கவில்லை. கல் வெறுமையாக இருப்பதைப் பார்த்து நீயே சிரிப்பாய் என்று விட்டுவிட்டேன். நீ முந்திப் போய் ஒப்புக்கொள்ளப் போகிறாய், அதுவும் என் பழியை உன் தலையில் போட்டுக்கொண்டு, என்று எனக்கு எப்படித் தெரியும்?

இடது மூலை. நகம். கையில் கொஞ்சம் சுண்ணாம்புக் காரை வைத்துக்கொண்டு நில். புரட்டியவுடன் பூசிவிடு.

சிலுவையைக் கோழிகளுக்கு விடாதே.

தியேகோ


மெஹிகோ, சான் எஸ்தேவான்
1563 மார்ச் 2

மச்சான்,

என் தலையில் முடி இருக்கிறது. முதுகில் தோல் இருக்கிறது. முதலில் அதைத் தெரிந்துகொள்.

உன் கடிதம் சனிக்கிழமை மத்தியானம் வந்தது. நான் காலையிலேயே போய்விட்டேன். பூசை முடிந்து பாதிரியார் முற்றத்தில் புதிதாக வந்திறங்கிய மரமுளைகளைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். முட்டி போட்டேன். "சாமி, நாலாவது தூணுக்கு அடியில..." என்றேன்.

"தெரியும்டா கஸ்பார்" என்றார்.

எனக்கு உயிர் போய்விட்டது.

"முளை அதிகமா அடிச்சிருக்கீங்க. அதானே? செலவு கூடிப்போச்சுன்னு பழையவர்கிட்ட மறைச்சிருக்கீங்க. எந்திரிடா. இதுக்கெல்லாம் முட்டி போடுவாங்களா?"

"அது இல்ல சாமி..."

"திங்கக்கிழமை பாத்துக்கலாம். இதைப் பாரு" என்று என் தோளைப் பிடித்து எழுப்பி, மண்ணில் குச்சியால் குழி எப்படி இருக்கும் என்று வரைந்து காட்ட ஆரம்பித்தார். மூன்றாவது தடவை வாயைத் திறந்தேன், மணி அடித்தது, போய்விட்டார். ஒப்புக்கொள்வதற்கு இவ்வளவு கஷ்டப்பட்டவன் இந்தப் பேட்டையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

வீட்டுக்கு வந்தால் மெல்ச்சோர் கடிதத்தோடு உட்கார்ந்திருக்கிறான். படித்தேன். ஒரே கை எழுதிய இரண்டு கடிதம், ஒன்றில் முகம் இருக்கிறது, ஒன்றில் இல்லை. எதை நம்புவது? ஷோகோவுக்கு எழுத்து தெரியாது. இரண்டையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "இதுல கோடெல்லாம் நடுங்குது. இதுதான் நெசம்" என்று இரண்டாவதைத் தொட்டாள். அப்புறம் அதை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதாள். அவள் அழுதது என்னை நினைத்து இல்லை, உன்னை நினைத்து.

நேற்று புரட்டினோம். கல் விளிம்பில் நிமிர்ந்து நின்றபோது, "தள்ளுங்க, மேஸ்திரிதான் மொதல்ல பாக்கணும்" என்று சத்தம் போட்டு உள்ளே தலையை விட்டேன். கை நிறையக் காரை. இடது மூலை. நகம் இருந்தது, மச்சான். நீ சொன்ன இடத்தில், நீ சொன்ன அளவில். அப்பிவிட்டு நிமிர்ந்தேன். அதற்குப் பிறகுதான் மற்ற இடத்தைப் பார்த்தேன். வெறும் கல். இடமிருந்து வலமாகச் சாய்ந்த உளித்தழும்பு, இடது கைக்காரன் உன்னுடைய தழும்பு.

"ரொட்டிக்கல்லு மாதிரி சுத்தமா இருக்கே" என்றார் பாதிரியார். குழியில் எட்டிப் பார்த்து முளைகளை எண்ணினார். மற்ற தூண்களுக்குக் கணக்குப்படி எழுபது. இதற்கு நூற்று எண்பத்தொன்று. கைதட்டினார். "யாருடா இந்த வேலையைச் செஞ்சது?" என்றார். "என் மச்சான், சாமி. தியேகோ தோச்" என்றேன். முப்பது பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். மற்ற மூன்று தூணுக்கும் முளை அடிக்க உன்னையே கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்து, தவக்காலத்துத் தமால், சோளமாவுக் கொழுக்கட்டை, உள்ளே அவரைப்பருப்பு மட்டும்தான், ஏழு தின்றேன். ஒரு மாசத்துப் பசி. என் பெண்கள் எண்ணிச் சிரித்தார்கள்.

எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் இன்று காலை தனியாகப் போய் அந்தக் கல்லைப் பார்த்தேன். பதினோரு வருஷமாக அதற்கு அடியில் ஒரு முகம் இருக்கிறது என்று பயந்துகொண்டு அதன் நிழலில்தான் தினமும் நடந்திருக்கிறேன். இப்போது இல்லை என்று ஆனதும் எனக்கே ஏதோ போலிருந்தது. நான் பயந்த பயத்துக்காவது அங்கே அவள் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. சிரிக்காதே.

இனிக் கவனமாகப் படி. நாளை மறுநாள் பாதிரியார் புவேப்லாவுக்குப் போகிறார், திரும்ப இரண்டு வாரம் ஆகும். அதுவரை கல் மல்லாந்தபடியே கிடக்கும். மேலே பாய்ப்பந்தல் போட்டு நாலு பக்கமும் மறைத்துவிட்டேன். அடிப்பக்கம் நன்றாக உலர வேண்டும் என்று சொன்னேன், தலையாட்டினார். அவர் திரும்பி வருவதற்குள் நாமே கவிழ்த்து உட்கார வைத்துவிடலாம் என்று உத்தரவும் வாங்கிவிட்டேன். உன் அப்பாவின் தேய்ப்புக்கல் இரண்டும் மணலும் தண்ணீரும் எடுத்து வைத்திருக்கிறேன். நாள் போதாது, அதனால் இரும்பு உளியும் தீட்டி வைத்திருக்கிறேன். எடுத்த இரும்பே திருப்பிக் கொடுக்கட்டும்.

பந்தல் வாசலில் நான் காவல் உட்காருவேன். என் பேர் யாவோத், ஒரு தடவையாவது அந்தப் பேருக்கு வேலை கொடுக்கிறேன். அடிப்பக்கம் சுத்தம் என்று புதுத் தாள் ஒன்றும் எழுத வேண்டும். போன தடவை தெரியாமல் கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை தெரிந்தே போடுகிறேன்.

ஷோகோ இன்றைக்கே உனக்கும் சேர்த்துச் சோளம் ஊறப் போட்டுவிட்டாள். சிலுவையைக் கழுவி வாசலில் வைத்திருக்கிறேன், திரும்பிப் போகும்போது எடுத்துக்கொண்டு போ. அல்லது போகாதே.

அந்த மூலையில் அப்பிய காரையைச் சுரண்டி எடுத்துவிட்டேன். நகம் ஒன்று இருக்கிறது, மச்சான். அங்கிருந்து ஆரம்பி.

கஸ்பார் யாவோத்